ஆண்ட்ராய்டு செயலி எழுதத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப். இவற்றை வைத்து முதல் செயலியை எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கோட்லின் நிரல்மொழி, திரையை வரைய ஜெட்பேக் கம்போஸ், நிரல் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்ற ஒரே பாதையில்தான் பதில்கள் செல்கின்றன. உதாரணமும் ஒன்றே ஒன்றுதான்: தினம் எவ்வளவு பால் வாங்கினோம், மாதக் கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று காட்டும் பால் கணக்குச் செயலி.

ஆண்ட்ராய்டா, ஐபோனா, ஃப்ளட்டரா? எதில் தொடங்குவது?

நீங்கள் தினமும் பயன்படுத்தும் போனுக்கு எழுதுங்கள். எழுதியதை அன்றாடம் நீங்களே பயன்படுத்திப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

ஐபோனுக்கு எழுத எக்ஸ்கோடு வேண்டும், அது மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளே கணக்குக்கு ஒரே ஒருமுறை 25 டாலர். உங்கள் போனில் மட்டும் ஓட்டிப் பார்க்க அந்த 25 டாலரும் தேவையில்லை.

ஃப்ளட்டர் நல்ல கருவி. ஒரே நிரலில் இரண்டு வகைப் போன்களுக்கும் செயலி கிடைக்கும். ஆனால் ஆண்ட்ராய்டுக்காக அதை பில்டு செய்யும்போது, அதாவது நிரலைச் செயலியாக மாற்றும்போது, கிரேடில் (பில்டு கருவி), மேனிஃபெஸ்ட் (செயலியின் அனுமதிகளைச் சொல்லும் கோப்பு), எஸ்டிகே (ஆண்ட்ராய்டின் கருவித் தொகுப்பு) எல்லாம் அப்படியே வந்து நிற்கும். பிழை ஃப்ளட்டருக்கு எழுதும் டார்ட் மொழியிலா, ஃப்ளட்டரிலா, அடியில் இருக்கும் ஆண்ட்ராய்டிலா என்று புதியவரால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு செயலியை முழுதாக முடித்த பிறகு ஃப்ளட்டருக்குப் போனால் இந்தக் குழப்பம் இருக்காது.

ஜாவா படித்த பிறகுதான் கோட்லின் படிக்க வேண்டுமா?

வேண்டாம். 2017-ல் கூகுள் கோட்லினை ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக ஏற்றது. 2019 முதல் கோட்லினுக்கே முதலிடம் தருகிறது. திரையை வரைய நாம் பயன்படுத்தப்போகும் கம்போஸ் கோட்லினில் மட்டுமே எழுதக்கூடியது.

நிரல் எழுதவே தெரியாது. கோட்லின் எந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்?

மாறிகள், இஃப், வென், லிஸ்ட், ஃபங்ஷன், டேட்டா கிளாஸ், ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) கையாளுதல், லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்). இவ்வளவு போதும். ஜெனரிக்ஸ், இன்ஹெரிட்டன்ஸ் போன்றவற்றை இப்போது தொட வேண்டாம். பின்னணியில் வேலை செய்ய உதவும் கோரூட்டின், தரவுத்தளம் வரும்போது தேவைப்படும், அதுவரை காத்திருக்கலாம்.

இந்தப் பட்டியலில் பலரும் அவசரமாகத் தாண்டிப் போவது நல்லும் லாம்டாவும். நல்லைப் புரிந்துகொள்ளாதவர் ஸ்டுடியோ சிவப்புக் கோடு போடும் இடமெல்லாம் இரட்டை ஆச்சரியக்குறி போட்டு வாயை அடைப்பார். பிறகு செயலி போனில் உடைந்து விழும். லாம்டா புரியாதவருக்குக் கம்போஸ் நிரலில் பட்டனுக்குப் பின்னால் வரும் வளைவு அடைப்புகள் கடைசிவரை மர்மமாகவே இருக்கும்.

மொழியை மட்டும் பழக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கோட்லின் பிளேகிரவுண்ட் என்ற தளம் போன் பிரவுசரிலேயே ஓடும். ஒரு மாதப் பால் அளவுகளை லிஸ்டில் வைத்து, மொத்தத்தையும் தொகையையும் அச்சிடும் சிறிய நிரலை எதையும் பார்க்காமல் எழுத வந்துவிட்டதா? ஸ்டுடியோவைத் திறக்கலாம். அதன் பிறகு கூகுள் இலவசமாகத் தரும் ‘ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்’ பாடங்களை வரிசையாகச் செய்யுங்கள். வீடியோவைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வதைவிட, ஒரு பாடத்தை முடித்து மூடிவிட்டு, அதையே பால் கணக்குக்கு மாற்றி எழுதிப் பார்ப்பது பல மடங்கு பயன் தரும்.

எந்த மாதிரி லேப்டாப் வேண்டும்?

8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ரேமைவிடவும் முக்கியம் எஸ்எஸ்டி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு பில்டுக்கும் காத்திருந்தே ஆர்வம் வற்றிவிடும். பழைய லேப்டாப்பில் பணம் போடுவதென்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்.

8 ஜிபி மட்டும் இருந்தால், லேப்டாப்புக்குள்ளேயே போலிப் போன் ஒன்றை ஓட்டும் எமுலேட்டரை மறந்துவிடுங்கள். உண்மையான போனையே கேபிளில் இணைத்து ஓட்டுங்கள். எமுலேட்டர்தான் வேண்டும் என்றால் லேப்டாப்பின் தொடக்க அமைப்பான பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் எமுலேட்டர் திறக்காது, அல்லது நகரவே நகராது.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ நிறுவியாயிற்று. முதல் ப்ராஜெக்ட்டே பிழையோடு நிற்கிறதே?

பெரும்பாலும் உங்கள் தவறு எதுவும் இருக்காது. கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, போல்டர் இருக்கும் இடம். விண்டோஸில் ப்ராஜெக்ட் பாதையில் தமிழ் எழுத்து இருந்தால் கிரேடில் பில்டை நிறுத்திவிடும். விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமலே நடக்கும், ஏனென்றால் எல்லாப் போல்டர்களும் அந்தப் பெயருக்குள்தான் உருவாகும். சி டிரைவில் நேரடியாக ஆங்கிலப் பெயரில், இடைவெளி இல்லாமல் ஒரு போல்டர் போட்டு, எஸ்டிகே-யையும் ப்ராஜெக்ட்டுகளையும் அங்கே வையுங்கள். டாக்குமென்ட்ஸ் போல்டர் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் அதற்குள்ளும் வைக்காதீர்கள். பில்டு நடக்கும்போதே ஒன்டிரைவ் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு, அழிக்க முடியவில்லை என்ற பிழை வரும்.

இரண்டாவது, இணையம். முதல் முறை திறக்கும்போது ஸ்டுடியோ, எஸ்டிகே, கிரேடில், நூலகங்கள் என்று சில ஜிபி இறங்கும். போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாகக் கொடுத்து, நாள் அளவு பாதியில் தீர்ந்துவிட்டால் கிரேடில் கோப்பு அரைகுறையாக இறங்கி நிற்கும். அடுத்த நாளும் அதே அரைகுறைக் கோப்பையே திறக்கப் பார்த்துப் பிழை தரும். பயனர் போல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கிரேடில் என்ற போல்டரில், ராப்பர், அதற்குள் டிஸ்ட்ஸ் என்று போய், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு ஸ்டுடியோவில் மறுபடி சிங்க் கொடுங்கள்.

மூன்றாவது, டெம்ப்ளேட். புதிய ப்ராஜெக்ட்டில் ‘எம்ப்டி ஆக்டிவிட்டி’ என்பதுதான் கம்போஸுக்கானது. ‘எம்ப்டி வியூஸ் ஆக்டிவிட்டி’ பழைய எக்ஸ்எம்எல் முறை. இதை மாற்றித் தேர்ந்துவிட்டு, பாடத்தில் இருப்பது எதுவும் தன் திரையில் இல்லையே என்று தவிப்பவர்கள் நிறைய.

அதே திரையில், செயலி ஓடும் மிகப் பழைய ஆண்ட்ராய்டைக் குறிக்கும் மினிமம் எஸ்டிகே-யை 26 என்று வையுங்கள். அது ஆண்ட்ராய்டு 8. தேதிகளைக் கையாள உதவும் லோக்கல்டேட் அதிலிருந்துதான் போனிலேயே இருக்கிறது. 24 என்று விட்டால் ஆண்ட்ராய்டு 7 போன்களில் அந்த வரிக்கு வந்ததும் செயலி உடையும். டீசுகரிங் என்ற அமைப்பால் அதைச் சரிசெய்ய முடியும், ஆனால் முதல் செயலிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

போனை இணைத்தால் ஸ்டுடியோவில் தெரியவில்லையே?

1. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய், ‘பில்டு நம்பர்’ மேல் 7 முறை தட்டுங்கள். ஷாவ்மி போன்களில் பில்டு நம்பருக்குப் பதிலாக எம்ஐயுஐ அல்லது ஓஎஸ் வெர்ஷன் வரி.
2. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். ஷாவ்மியில் ‘இன்ஸ்டால் வயா யுஎஸ்பி’யையும் இயக்க வேண்டும், அதற்கு எம்ஐ கணக்கில் உள்நுழையச் சொல்லும்.
3. கேபிளைச் செருகியதும் போன் திரையில் அனுமதி கேட்கும் பெட்டி வரும். ‘எப்போதும்’ என்பதை டிக் செய்து அனுமதியுங்கள்.

அனுமதிப் பெட்டியே வரவில்லையென்றால் முதல் சந்தேகம் கேபிள் மீதுதான் விழ வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தரவுக் கம்பி இருக்காது. வேறு கேபிள் போட்டும் வரவில்லையென்றால் போன் தயாரிப்பாளரின் விண்டோஸ் யுஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் போனையும் லேப்டாப்பையும் ஒரே வைஃபையில் வைத்து வயர்லெஸ் டீபக்கிங்கிலும் இணைக்கலாம்.

முதல் செயலியாக எதை எழுதுவது?

உள்நுழைவுத் திரை, சர்வர், பணம் செலுத்தும் வசதி எதுவுமே இல்லாத ஒன்றை. வாட்ஸ்அப் போல, ஸ்விக்கி போல என்று தொடங்கும் எண்ணங்களைத் தள்ளி வையுங்கள். அவற்றின் கடினம் போனில் இல்லை, சர்வரில் இருக்கிறது.

பால் கணக்கு நல்ல அளவு. ஒரு திரை. மேலே அளவை உள்ளிடும் பெட்டி, பக்கத்தில் சேர் பட்டன், கீழே தேதிவாரியான பட்டியல், அடியில் மாத மொத்தம். இந்தச் சிறிய செயலிக்குள்ளேயே திரை, நிலை (திரை காட்டும் மாறும் மதிப்புகள்), பட்டியல், சேமிப்பு, கணக்கு எல்லாம் வந்துவிடுகின்றன. தரவுத்தளம் இல்லாமல் முதலில் திரையை முடியுங்கள். பட்டியல் நினைவகத்தில் மட்டும் இருக்கட்டும், செயலியை மூடினால் போகட்டும். திரை ஒழுங்காக ஓடிய பிறகு சேமிப்பைச் சேருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே சரியாகச் செய்துவிடுங்கள். பணத்தையும் அளவையும் தசம எண்ணாக, அதாவது டபுளாக வைக்காதீர்கள். டபுளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்தைப் பைசாவிலும் பாலை மில்லிலிட்டரிலும் முழு எண்ணாக வையுங்கள். லிட்டர் 52.50 ரூபாய் என்றால் 5250 பைசா. ஒன்றரை லிட்டர் 1500 மில்லி. இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 7875 பைசா, அதாவது 78.75 ரூபாய். எண் வகை இன்ட்டாக இல்லாமல் லாங்காக இருக்கட்டும். மாதம் 500 லிட்டர் வாங்கும் டீக்கடைக்கு 500000-ஐயும் 5250-ஐயும் பெருக்கினால் 262 கோடியைத் தாண்டும், இன்ட்டின் எல்லை 214 கோடிச் சொச்சத்தோடு முடிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தொகை மைனஸில் போய் நிற்கும்.

பட்டனை அழுத்துகிறேன், மதிப்பு மாறுகிறது, திரை மாறவில்லையே?

கம்போஸில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சாதாரண மாறியை மாற்றினால் கம்போஸுக்குத் தெரியாது. மியூட்டபிள்ஸ்டேட்ஆஃப் என்று அறிவித்த மாறி மாறினால்தான், அதைப் படிக்கும் திரைப் பகுதி மறுபடி வரையப்படும். வரைவது என்றால் அந்த ஃபங்ஷன் மறுபடி ஓடுவது. மறுபடி ஓடும்போது உள்ளே அறிவித்த மாறியும் புதிதாகப் பிறந்து பழைய மதிப்பை இழக்கும். அதைத் தடுக்கத்தான் ரிமெம்பர்.

போனைக் குறுக்காகத் திருப்பினால் அந்த ரிமெம்பரும் போதாது. திரையைத் தாங்கும் ஆக்டிவிட்டியையே ஆண்ட்ராய்டு அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறது. பெட்டியில் பாதி எழுதிய எண்ணைக் காப்பாற்ற ரிமெம்பர்சேவபிள், பட்டியலையும் கணக்கையும் வைத்துக்கொள்ள, திருப்பினாலும் அழியாத வியூமாடல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இதே குடும்பத்துப் பிழைகள் இன்னும் இரண்டு உண்டு. உள்ளீட்டுப் பெட்டியில் எவ்வளவு தட்டினாலும் எழுத்தே விழவில்லையா? ஆன்வேல்யூசேஞ்சுக்குள் வந்த புதிய எழுத்தை நிலை மாறியில் போட மறந்திருப்பீர்கள். ‘பை’ என்ற சொல்லின் கீழ் காரணம் புரியாத சிவப்புக் கோடா? கெட்வேல்யூ, செட்வேல்யூ இம்போர்ட் விடுபட்டிருக்கும், அதன் மேல் கர்சரை வைத்து ஆல்ட், என்டர் அழுத்துங்கள்.

செயலி திடீரென மூடிக்கொள்கிறது. காரணத்தை எங்கே தேடுவது?

ஸ்டுடியோவின் அடியில், செயலியின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில். அங்கே ஃபேட்டல் எக்செப்ஷன் என்று தேடுங்கள். அதற்குக் கீழே நாற்பது ஐம்பது வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். படிக்க வேண்டியவை இரண்டே வரி: எக்செப்ஷனின் பெயரும் செய்தியும் உள்ள வரி, பிறகு உங்கள் பேக்கேஜ் பெயர் வந்து, உங்கள் கோப்பின் பெயர் நீலத்தில் தெரியும் முதல் வரி. அந்த நீலத்தைச் சொடுக்கினால் உங்கள் நிரலில் உடைந்த இடத்துக்கே போவீர்கள். ‘காஸ்ட் பை’ என்று ஒரு வரி இருந்தால் கடைசியாக வரும் அதுதான் மூல காரணம்.

பால் கணக்கு அளவிலான செயலிகளில் அடிக்கடி வருபவை இவை. நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன்: பெட்டி காலியாக இருக்கும்போதோ 1.5 என்று எழுதியபோதோ, எழுத்தை முழு எண்ணாக்கும் டூஇன்ட்டை அழைத்திருப்பீர்கள். டூஇன்ட்ஆர்நல் பயன்படுத்தி, நல் வந்தால் சேர் பட்டனை முடக்கி வையுங்கள். இன்ஃபினிட்டி மாக்ஸிமம் ஹைட் என்று புலம்பும் பிழை: உருளும் ‘காலம்’ என்ற அடுக்குக்குள், தானே உருளும் பட்டியலான லேஸிகாலமை வைத்திருப்பீர்கள், வெளியே உள்ள உருளலை எடுத்துவிடுங்கள். இணையத்திலிருந்து எதையாவது எடுக்கும்போது செக்யூரிட்டிஎக்செப்ஷன் வந்தால் மேனிஃபெஸ்டில் இன்டர்நெட் அனுமதி இல்லை. அனுமதி இருந்தும் மறுத்தால், முகவரி எஸ் இல்லாத வெறும் எச்டிடிபி-யா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 9-ஐயும் அதற்குப் பிந்தியவற்றையும் குறிவைக்கும் செயலிகளில் அது இயல்பாகவே தடுக்கப்படுகிறது.

தரவை எப்படிச் சேமிப்பது?

லிட்டர் விலை போன்ற ஒற்றை அமைப்புகளுக்கு டேட்டாஸ்டோர். தினசரிப் பதிவுகளுக்கு ரூம். ரூம் என்பது போனில் ஏற்கெனவே இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் மீது கூகுள் கட்டிய அடுக்கு. தேதியை 2025-06-01 என்ற வடிவில் எழுத்தாகச் சேமித்தால் வரிசைப்படுத்துவதும் ஒரு மாதத்தை மட்டும் எடுப்பதும் எளிது.

ரூமைச் சேர்க்கும்போது, அதற்கான நிரலை உருவாக்கித் தரும் கேஎஸ்பி என்ற ப்ளக்-இன் வேண்டும். பழைய கேஎஸ்பி பதிப்பு என்றால், அது உங்கள் கோட்லின் பதிப்போடு பொருந்தாவிட்டால் பில்டு நின்றுவிடும். ஓடத் தொடங்கிய பிறகு வரும் பிழை, திரையை இயக்கும் மெயின் த்ரெட்டில் தரவுத்தளத்தைத் தொடக்கூடாது என்பது. தரவைப் படித்து எழுதும் டிஏஓ ஃபங்ஷன்களை சஸ்பெண்ட் ஆக்கி, வியூமாடல் ஸ்கோப்பில் கோரூட்டினாக லாஞ்ச் செய்து அழையுங்கள்.

பிறகு ஒரு நாள், காலைப் பாலா மாலைப் பாலா என்று குறிக்க அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்ப்பீர்கள், செயலி திறந்ததுமே உடையும். அட்டவணை மாறியது, பதிப்பு எண் மாறவில்லை என்பதுதான் ரூமின் புகார். உங்கள் போனில் மட்டும் இருக்கும் வரை செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாம். மற்றவர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் பதிப்பை உயர்த்தி, பழைய தரவைப் புதிய அட்டவணைக்கு மாற்றும் மைக்ரேஷன் எழுதியே ஆக வேண்டும். அவர்களுடைய மூன்று மாதக் கணக்கை அழிக்க நமக்கு உரிமை இல்லை.

செயலி தமிழில் இருக்க வேண்டும். தனியாக என்ன செய்ய வேண்டும்?

எழுத்துரு சேர்க்க வேண்டியதில்லை, ஆண்ட்ராய்டிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. ஆனால் பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த பட்டியலை ஒட்டினால் கிறுக்கல்தான் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சொற்களை நிரலுக்குள் எழுதாமல் ஸ்ட்ரிங்ஸ் கோப்பில் வையுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கும் பட்டனுக்குத் தமிழில் ‘சேமிக்கவும்’ என்று எழுதும்போது அகலம் இரட்டிப்பாகும். ஆகவே பட்டன்களுக்கு நிலையான அகலமோ உயரமோ தராதீர்கள். வரி உயரத்தை இறுக்கி வைத்தால் கீ, றூ போன்ற எழுத்துகளின் மேல்சுழியும் கீழ்வாலும் வெட்டுப்படும்.

இன்னும் நுட்பமான சிக்கல் எழுத்தை எண்ணுவதில். ‘தமிழ்’ என்பதில் மூன்று எழுத்து, ஆனால் கோட்லினிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். பால்காரர் கோபாலின் பெயரில் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்ட நினைத்து முதல் குறியீட்டை மட்டும் எடுத்தால் ‘க’ என்றுதான் வரும். பிரேக்இட்டரேட்டர் பயன்படுத்தினால் ‘கோ’ முழுதாகக் கிடைக்கும். தேடலிலும் இதே தொல்லை: ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்து, ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

பெயர்களை அகரவரிசையில் அடுக்கும்போது சாதாரண சார்ட் போதாது. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தே இருக்கிறது, ‘வ’ ‘ழ’வுக்குப் பின்னால் போய்விட்டது. மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கொலேட்டரைத் தமிழ் லோகேலுடன் (மொழி அமைப்புடன்) பயன்படுத்துங்கள்.

ஏஐ-யிடம் எழுதி வாங்கலாமா?

பிழைச் செய்தியை விளக்கச் சொல்ல, எழுதிய நிரலில் ஓட்டை தேட, தாராளமாக. முழுச் செயலியையும் எழுதச் சொன்னால் பழைய எக்ஸ்எம்எல் முறையும் கம்போஸும் கலந்து வரலாம், இல்லாத நூலகப் பதிப்பு எண்ணும் வரலாம். ஒரு வரியை நீக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தெரியாத வரிகளைச் செயலிக்குள் விடாதீர்கள். ஒவ்வொரு வசதியும் ஓடியதும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஒரு கமிட் போட்டுவிட்டால், அடுத்த மாற்றம் குளறுபடி ஆனாலும் திரும்பி வர வழி இருக்கும்.

பிளே ஸ்டோரில் வெளியிட என்ன தேவை?

25 டாலர், அடையாளச் சரிபார்ப்பு, 512-க்கு 512 ஐகான், 1024-க்கு 500 அளவில் ஒரு படம், குறைந்தது 2 ஸ்கிரீன்ஷாட், தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பு, தரவுப் பாதுகாப்புப் படிவம். கோப்பு ஏபிகே-யாக (போனில் நேரடியாக நிறுவும் கோப்பு) இல்லாமல் ஏஏபி-யாக (பிளேக்கு ஏற்றும் தொகுப்பு) இருக்க வேண்டும். செயலி குறிவைக்கும் பதிப்பான டார்கெட் எஸ்டிகே-யும் அண்மைக்கால ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளுக்கு அது 35, அதாவது ஆண்ட்ராய்டு 15. இந்த எண் காலத்துக்குக் காலம் உயரும்.

நேரத்தைத் தின்பது சோதனை விதிதான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகள், குறைந்தது 12 பேரை மூடிய சோதனையில் சேர்த்து, அவர்கள் தொடர்ந்து 14 நாள் அதில் நீடித்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். எனவே ஆட்களை முன்பே பிடித்து வையுங்கள். பால் கணக்கை உண்மையிலேயே பயன்படுத்தக்கூடிய பன்னிரண்டு வீடுகள் கிடைத்தால், பெயருக்குச் சேரும் நூறு பேரைவிட அவை மேல்.

செயலியின் தனி அடையாளப் பெயரான அப்ளிகேஷன் ஐடி-யை, வெளியிட்ட பிறகு மாற்றவே முடியாது. டெம்ப்ளேட் தரும் ‘காம் டாட் எக்ஸாம்பிள்’ பெயரைப் பிளே ஏற்காது, ஆகவே ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றே சொந்தப் பெயர் வையுங்கள். ஒவ்வொரு புதிய பதிவேற்றத்துக்கும் வெர்ஷன்கோடு என்ற பதிப்பு எண் முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். செயலியில் பணம் வசூலிக்கப்போகிறீர்கள் என்றால், உங்கள் முழு முகவரியும் பிளே பக்கத்தில் காட்டப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பிளே ஸ்டோரே வேண்டாம், வீட்டாருக்கும் தெரிந்தவர்களுக்கும் மட்டும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஏபிகே-யை பில்டு செய்து வாட்ஸ்அப்பிலோ டிரைவிலோ அனுப்புங்கள், தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா என்று போன் ஒருமுறை கேட்கும்.

ஆனால் ஓட்டிப் பார்க்கும் டீபக் ஏபிகே-யை அனுப்பாதீர்கள். அது உங்கள் லேப்டாப்பில் தானாக உருவான சாவியால் கையெழுத்திடப்பட்டது. லேப்டாப்பை மாற்றினால் சாவியும் மாறும், அப்போது புதிய ஏபிகே பழையதன் மேல் உட்காராது. செயலியை நீக்கிவிட்டுத்தான் நிறுவ முடியும், நீக்கினால் அவர்களுடைய கணக்கும் சேர்ந்து போகும். தொடக்கத்திலேயே சொந்தச் சாவிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, 25 ஆண்டுக்குக் குறையாத செல்லுபடிக் காலம் கொடுத்து, ரிலீஸ் ஏபிகே-யை அதனால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பிளே வழியாகப் போகும் செயலியில் பதிவேற்றச் சாவி தொலைந்தால் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நேரடியாக விநியோகித்த செயலியில் அந்த வழி கிடையாது. சாவிக் கோப்பையும் கடவுச்சொல்லையும் லேப்டாப்பைத் தவிர இன்னும் இரண்டு இடங்களில் வையுங்கள், கிட்ஹப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.